களைப்பு என்றே எழுதுங்கள்

மொழிபெயர்ப்புப் பிரிவிலிருந்து றினோஷா எடுத்தாள்.
"மிஸ், இரண்டாம் பக்கம், மூன்றாம் வரி.
இரும்பு களைக்குமா?
சோர்வு என்று போடட்டா, தளர்வு என்று போடட்டா?"
நான் அப்போது
முறிந்த அச்சின் முகத்தைப்
பழைய பல் பிரஷால் அசிட்டோன் விட்டுத்
தேய்த்துக்கொண்டிருந்தேன்.
ஐந்து நிமிஷம் தாங்கோ என்றேன்.
மூன்று வாரம் ஆயிற்று.

பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவே,
கடல் தண்டவாளத்தை நக்கிப் பார்க்கும் இடத்தில்,
காலை ஏழு பன்னிரண்டுக்கு
மூன்றாம் பெட்டி ஒரு பக்கம் சரிந்தது.
ஒருவரும் சாகவில்லை.
யாரோ ஒரு பெண்ணின் சாப்பாட்டுப் பெட்டி திறந்து
பருப்பு முழுதும் சன்னல் கம்பியில்.
சாரதி விமலசூரியவை
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள்.
காரணம்: வேகம்.
கோப்புக்கு ஒரு சொல் போதும்.

தெமட்டகொடையில் என் ஆய்வுகூடம்
முன்பு களஞ்சியம். கூரையில் புறா, தரையில் எண்ணெய்.
அதே தொகுதியில் வந்த இன்னோர் அச்சை அறுத்து
விரலளவில் பதினொரு துண்டு கடைந்து தரச் சொன்னேன்.
பஞ்சிகாவத்தை இல்ஹாம் பன்னிரண்டு தந்தார்.
"ஒண்டு ராசிக்கு."
விஞ்ஞானத்தில் ராசிக்கு இடமில்லை.
பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

வளைத்துப் பிடித்தபடி சுழற்று.
மேலே வரும்போது இழுபடும்,
கீழே போகும்போது நெரிபடும்,
நிமிஷத்துக்கு மூவாயிரம் தரம்.
முறிக்கும் பாரத்தில் பாதிகூட இல்லை.
ஒருமுறை ஏற்றினால் இரும்புக்கு அது தெரியவே தெரியாது.
கோடி முறை ஏற்றினால்
எந்த முறையில் என்று யாருக்கும் தெரியாமல்
உள்ளே ஓரிடம் விட்டுக்கொடுக்கும்.

காய்ந்த காற்றில் ஓடியவை தாங்கின.
வெள்ளவத்தைக் கடலைச் சோடாப் போத்தலில் அள்ளி வந்து
சொட்டவிட்டேன்.
நான்கு முறிந்தன.

நடுவில் ஒருநாள் மின்வெட்டு.
எண்ணி, ஒரு கோடியே ஆறு லட்சத்தில் நின்றது.
இருட்டில் இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.
ஓய்வு இரும்பைக் குணப்படுத்தாது.
விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.
அம்மா வைத்தியசாலையிலிருந்து மூன்று முறை அழைத்திருந்தாள்.

முறிந்த முகத்தில் இரண்டு பகுதி.
ஒன்று வழவழப்பு,
அலை விலகிய மணலில் போலக்
கோட்டுக்குப் பின்னால் கோடு.
எங்கள் துறையில் அதற்குப் பெயரே கடற்கரைக் கோடுகள்.
(பெயர் வைத்தவன் கொழும்புக்கு வந்திருக்கமாட்டான்.)
மற்றது உடைந்த கற்கண்டு மாதிரிக் கரகரப்பு.
அந்தச் சிறு துண்டுதான் ஏழு பன்னிரண்டு.
மிச்சமெல்லாம் வருஷக்கணக்கு.

கோடுகளைப் பின்பக்கமாக வாசித்துப் போனேன்.
சிறுத்துச் சிறுத்து
விளிம்பில் ஒரு புள்ளிக்கு வந்து நின்றன.
நுணுக்குக்காட்டியில் ஒரு பள்ளம்.
பக்கத்தில் இன்னொன்று.
துருவைத் துடைத்தேன்.
எழுத்து!
மாதம், வருடம், பரிசோதகரின் இலக்கம்,
அதன் பிறகு
'சரி' என்பதற்கு அடிக்கும் சின்ன வட்டம்.
யாரோ சுத்தியலை நன்றாக ஓங்கியிருக்கிறார்,
அழியாமல் பதியட்டும் என்று,
கள்ளமில்லாமல்.
அந்த வட்டத்தின் அடியில்தான்
வெடிப்பு கண் திறந்தது.

பணிப்பாளர் இரண்டு தரம் வாசித்தார்.
"முத்திரை என்பதை எடுத்துவிட்டு
மேற்பரப்புக் குறைபாடு என்று போடலாமே?"
போடலாம்.
விமலசூரியவுக்கு வேகம் என்று போட்டதைப் போல.
நான் பேனையை நீட்டவில்லை.
அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்து வைத்தார்.
எழுதுநர் மைப்பெட்டியைத் திறந்து
இறப்பர் முத்திரையை ஓங்கினார்.
மெல்ல, என்றேன்.
ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

றினோஷாவுக்கு எடுத்தேன்.
களைப்பு என்றே எழுதுங்கோ.
"சனங்களுக்கு விளங்குமா மிஸ்?"
ஆறே காலுக்குப் பாணந்துறை ரயிலில்
ஒரு கையால் தொங்கிப் போகிறவர்களுக்கு
வேறெந்தச் சொல் விளங்கும்?

பன்னிரண்டாம் துண்டு, உப்புத் தண்ணீரில்,
இன்னும் சுழல்கிறது.
இல்ஹாமிடம் சொல்லவில்லை.