ஏழாவது நிரல்

ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும்.
ஒவ்வொரு வரியும் ஒரு வினையில் தொடங்கவேண்டும்,
இறந்தகாலத்தில், தயக்கமில்லாமல்.
கொழும்பிலிருந்து பட்டியல் வந்திருக்கிறது:
இருபத்துநான்கு ஆங்கில வினைகள்,
ஒன்றுகூடத் தோற்றுப் பார்த்ததில்லை.

அச்சீவ்ட். கம்ப்ளீட்டட். டெலிவர்ட்.
கல்லடி அலுவலகத்து மின்விசிறி
இரண்டாம் எண்ணுக்கு மேல் சுற்றாது.
மேனேஜ் பண்ணுகிறோம்.
இந்த ஒன்றுக்குத்தான் நாங்கள் தமிழே தேடுவதில்லை.
மாமியை, பாதிச் சம்பளத்தை, கரண்ட் இல்லாத இரவை
எல்லாரும் மேனேஜ்தான் பண்ணுகிறார்கள்.
பட்டியலில் அது இல்லை.
பலவீனமான வினையாம், அடிக்குறிப்பு சொல்கிறது.

எட்டாவது, எக்ஸிகியூட்டட்.
அங்கே கை கொஞ்சம் நின்றது.
தமிழ் மட்டும் என்ன திறம்?
மண்டூரில் நேர்த்திக்கடனை நிறைவேற்றுவதும்
சிறைக்குள் தண்டனையை நிறைவேற்றுவதும்
ஒரே சொல்.
ஒன்பதாவதுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை குருமண்வெளித் துறையில்
மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி
வாவியைக் கடந்தேன்.
மிதக்கிற இரும்புப் பலகைக்குப் பாதை என்று
பேர்வைத்த ஊர் இது;
போய்ச் சேர்ந்தால் போதும், பாதைதான்.

பன்னிரண்டாம் கிணறு நேசமலருடையது.
கம்பி வலையை விலக்கிக் காட்டினா.
பொறியியலாளர் குறித்த இடம்.
கொங்கிறீட் வளையம் ஒன்பது,
கொடி போட்ட பெயர்ப்பலகை ஒன்று,
அடியில் உவர்.
சோப்பு நுரைக்காது.
மாடும் மோந்துவிட்டுக் கிறுகிப் போகும்.
பலகையில் சட்டை காயப்போட்டிருந்தா,
அதற்கு நல்ல வெயில்.

மறுகா?

மறுகா அவவும் கொழுந்தனும்
வேலிக்கு அந்தப் பக்கம் நாவலுக்குக் கீழே
பதினொரு முழம் தோண்டியிருக்கிறார்கள்.
முதற்குழியில் கல். இரண்டாவது இடிந்தது.
மூன்றாவதில் தண்ணீர்.

படிவத்தை விரித்தேன்.
எத்தனை நாள், யாருடைய காசு,
எப்படிச் சாதித்தீர்கள்?
சாதித்தீர்கள் என்பதை அவ
வேறு விலாசத்துக்கு வந்த கடிதம்போலப்
புரட்டிப் பார்த்தா.
"வாய்ச்சுது கா" எண்டா.

அவ்வளவுதான்.
செய்தவரைக் கேட்காத வினை.
கைகூடியது, பலித்தது, ஒப்பேறியது,
எங்களிடம் இப்படி ஒரு கூடை கிடக்கிறது
ஒருவர் பேரும் ஒட்டாமல்.
வரும் வழியெல்லாம் அதை மெச்சிக்கொண்டே வந்தேன்,
ஆங்கிலத்தைவிட அடக்கமான மொழி என்று.
பிறகு அவட உள்ளங்கை ஞாபகம் வந்தது.
மண்வெட்டிப் பிடி இருந்த இடத்தில்
தோல் இன்னும் மூடவில்லை.
அந்த அடக்கத்தின்மேலும் கொஞ்சம் கோபம் வந்தது.

மேலாளர் புனிதராசா கதவோரம் நின்று சொல்கிறார்:
"இலக்குப் பதினைஞ்சு, கட்டினது பதினைஞ்சு.
அச்சீவ்ட் எண்டு போடுங்க.
அவட கிணத்தையும் சேத்தாப் பதினாறு.
குறைஞ்சாலும் விளக்கம் கேப்பாங்க,
கூடினாலும் கேப்பாங்க."
உவரைக் கேட்கும் நிரல் படிவத்தில் இல்லை.

போட்டேன்.

நாலு ஐம்பத்தேழு.
ஏழாவது நிரல், குறிப்புகள், இருநூறு எழுத்துக்குள்.
அவ தந்துவிட்ட சோடாப் போத்தல் மேசையில்,
அடியில் விரற்கடை மண்.
ஒரு மிடறு குடித்தேன்.
தேன் என்று சொல்லமாட்டேன். தண்ணீர்.
நேசமலர் தோண்டினா, என்று தமிழில் அடித்தேன்.
யோசித்து, வாய்த்தது என்றும் சேர்த்தேன்.
இரண்டும் ஒரு வரியில்
பஸ்ஸில் அறிமுகமில்லாத இருவர்போல
ஒதுங்கி உட்கார்ந்தன.
அனுப்பினேன்.

ஐந்து பத்துக்குக் கொழும்பு எழுதியது:
எல்லாம் நன்று. ஏழாவது நிரலில் மட்டும்
எழுத்துரு உடைந்து பெட்டி பெட்டியாகத் தெரிகிறது,
வெறுமையாக விடலாமா?

ஏலாது, என்று பதில் போட்டேன்.
அதுவும் மூன்று பெட்டியாகத்தான்
போய்ச் சேர்ந்திருக்கும்.