பத்து சென்ட்

வண்டியை ஓரங்கட்டி,
பனி தள்ளும் தகட்டைத் தூக்கி நிறுத்தி,
எச்சரிக்கை விளக்குகளையும் போட்டுவிட்டுத்தான்
ரெய்னோ லாட்டிலா செத்துப்போனான்.
பிப்ரவரி. விடிகாலை நாலே கால்.
பின்னால் வந்த பால் லாரிக்காரன் சொன்னான்:
"தூங்குகிறார் என்று நினைத்தேன்.
எனக்கு வழி விட்டிருந்தார்."

அவன் லாக்கரை மூன்று பேர் திறந்தோம்.
விறைத்துக் காய்ந்த கையுறை, இருமல் மிட்டாய்,
கறுப்புக் குப்பைப் பைகள் ஒரு சுருள்,
சட்டைப் பையில் அடங்கும் நோட்டு.
நோட்டில் எழுத்தே இல்லை.
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
பக்கம் பக்கமாய்.
முதல் பக்கத்தின் மேலே மட்டும்:
ஐலா, காலேஜ்.

மிச்சிகனில் காலி டப்பாவுக்குப் பத்து சென்ட்.
குடித்துவிட்டுக் கார் ஜன்னல் வழியே எறிந்ததையெல்லாம்
அவன் வண்டி நிறுத்திப் பொறுக்குவான்.
டப்பா லாட்டிலா என்று பெயர் வைத்தது டெல்மர்.
சிரித்தது எல்லோரும்.
மேலதிகாரியிடம் போய்க் கோள் சொன்னது
நான்.

மூன்று நாள் சம்பளம் போனது அவனுக்கு.
அதன்பின் வேலை நேரத்தில் நிறுத்தவில்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக் காரில் வந்து
அதே பள்ளங்களில் இறங்கினான்.
சொன்னது யாரென்று அவன் கேட்கவில்லை.
இரண்டு குளிர்காலம் நான் அவன் முகம் பார்க்கவில்லை.

நோட்டை மார்வெல் வாங்கிக்கொண்டாள்.
ரேடியோ அறையில் உட்கார்ந்து
மொய் எழுதுகிறவள் மாதிரி
பெயரும் தொகையும் எழுதினாள்.
ஒரு லோடு விறகு ஏலம் போனது.
டெல்மர் தன் மான் துப்பாக்கியைக் குலுக்கல் பரிசாக வைத்தான்,
சீட்டுகளை அவனே பாதி வாங்கினான்,
பரிசு வேறு யாருக்கோ விழுந்தது.
ஏப்ரலில் பனி உருகியதும்
குளிர்காலம் முழுக்க ஊர் குடித்தது
பள்ளத்தில் பளபளத்தது.
மேலதிகாரியே பை பிடித்துக்கொண்டு நின்றார்.

சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள்.
கூட்டிப் பார்த்தோம்.
வெள்ளம் கணுக்காலைத் தாண்டவில்லை:
ஒரு செமஸ்டர், அப்புறம் கொஞ்சம் புத்தகம்.
இன்னும் ஏழு செமஸ்டர் இருக்கிறது.
நாங்கள் ஒன்பது பேர், இரண்டு பேருக்கு முழங்கால் சரியில்லை.

கடையில் அந்த இயந்திரம்
டப்பாவைச் சுழற்றிக் கோடுகளை வாசித்து விழுங்கும்.
நசுங்கியதை வெளியே தள்ளும்.
நான் தட்டி, நிமிர்த்தி, மறுபடி போடுவேன்.
மறுபடி தள்ளும்.
பின்னால் நிற்கிறவர்கள் பொறுமையாகத்தான் இருக்கிறார்கள்.
யார் பணம் இது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்டில் ஐலா ஷெட்டுக்கு வந்தாள்.
அப்பாவைப் போலவே இடது பக்கம் சாய்ந்த நடை.
பேச ஒன்றும் தயார் செய்யாமல்
மார்வெலின் பட்டியலோடு வந்திருந்தாள்.
பெயர் பெயராய்க் கை கொடுத்தாள்.
என் பெயர்தான் முதலில் இருந்தது,
தொகையும் அப்படி.

"அப்பாவுக்கு நீங்கள்தான் ரொம்ப நெருக்கம்போல" என்றாள்.

டெல்மர் தன் பூட்ஸைப் பார்த்தான்.
தெரிந்தவர்கள் எல்லோரும் எதையாவது பார்த்தார்கள்.

"ராத்திரி முழுக்க ரேடியோவில் அவன் பேசுவான்" என்றேன்.
"எந்த வளைவில் பனி குவிகிறது,
எங்கே மான் நிற்கிறது என்று.
நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்."

அது பொய்யில்லை.
பதில் சொன்னேனா என்று அவள் கேட்கவில்லை.

எட்டாம் மைலில் இன்று ஒன்று கிடந்தது,
சக்கரம் ஏறித் தட்டையானது.
பத்து சென்ட் தேறாது.
வண்டியை ஓரங்கட்டி, விளக்குகளைப் போட்டேன்.
நோட்டை மார்வெல் வண்டியிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறாள்.
நாலு கோடு ஏற்கெனவே இருந்தது.
குறுக்கே போடலாமா என்று
பேனாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.