எங்கள் வீட்டில் மட்டும்

இரவு பதினொன்றே காலுக்குத்
தளம் விழுந்துவிட்டது.

விழுந்தது என்றுதான் நினைத்தேன்.
பெயரை அடித்தால் சுற்றுகிறது, சுற்றுகிறது,
பிறகு ரவுட்டரின் நுழைவுப் பக்கம் வந்து
பயனர் யார், கடவுச்சொல் என்ன என்று
என் வீட்டிலேயே என்னைக் கேட்கிறது.

சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
கீல் உடைந்த பழைய லேப்டாப்.
ஃபிரிட்ஜின் தலைமேல் ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில்
மல்லாந்து கிடக்கும்.
ராயக்கோட்டை மண்டியின் தக்காளி விலையை
நாளுக்கு ஒரு வரி அதில் ஏற்றுவேன்.
பெட்டி இவ்வளவு.
அவ்வளவுதான் தளம்.
வெளியே வாடகைக்கு வைத்தால் மாதம் நானூறு கேட்கிறார்கள்.
தக்காளியில் சொன்னால் அது
சில மாதம் ஒரு பெட்டி,
சில மாதம் ஆறு.

தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது.
192.168.1.7 என்று எண்ணால் கூப்பிட்டால் உடனே வருகிறது,
பெயரைச் சொன்னால் வருவதில்லை.
பெயரால் கூப்பிட்டால் திரும்பாமல்
'இந்தாங்க' என்றால் மட்டும் திரும்பும் ஆள் ஒருவர்
ஏற்கெனவே உள்ளறையில் தூங்குகிறார்.

போர்ட் 443 திறந்துதான் இருந்தது.
சான்றிதழ் சித்திரைவரை செல்லும்.
ரவுட்டரை அணைத்துப் பத்து எண்ணிப் போட்டேன்,
பத்து போதவில்லையோ என்று
மறுபடி அணைத்து முப்பது எண்ணினேன்.
முருங்கைக் கிளையில் உரசிப்போகும் ஃபைபர் ஒயரை
டார்ச் அடித்துப் பார்த்தேன்,
அணில் கடித்த இடத்தில் சுற்றிய டேப் அப்படியே இருந்தது.
கைப்பேசியிலும் திறக்கவில்லை.
அதுவும் இதே வைஃபையில்தான் இருக்கிறது என்பது
அந்நேரத்துக்கு உறைக்கவில்லை.

லாக்கைத் திறந்தால்
யார் யாரோ வந்து போயிருக்கிறார்கள்.
ஒன்று நாற்பதுக்கு ஒரு எண்.
ஒன்று ஐம்பதுக்கு வேறொன்று.
இரண்டே காலிலிருந்து ஒரே எண் ஏழு தடவை.
எனக்கே திறக்காத கதவு
இவர்களுக்கு எப்படித் திறக்கிறது?
திருடர்கள்தான்.
மூன்று எண்களையும் பிடித்துத்
தடுப்புப் பட்டியலில் போட்டேன்.
அந்த இரவில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை என்று
கொஞ்சம் நிம்மதிகூட.

நாலு பத்துக்குத் திம்மராயன் கூப்பிட்டார்,
கெலமங்கலம் ரோட்டில் டெம்போ இரைச்சலுக்கு மேல் கத்தி:
"ஏம்மா, ராத்திரியெல்லாம் நூத்திமுப்பதே காட்டுச்சு.
எப்ப மாத்துவேன்னு தொறந்து தொறந்து பாத்தேன்.
இப்ப தொறக்கவே மாட்டேங்குது."

ராத்திரியெல்லாம்.

கைப்பேசியோடு தெருவில் இறங்கி நடந்தேன்.
மின்கம்பத்தைத் தாண்டியதும் வைஃபை கையை விட்டது.
பக்கம் திறந்தது,
ஒரு சுற்றுகூடச் சுற்றாமல்.

ஊருக்கெல்லாம் திறந்தே கிடந்திருக்கிறது.
வெளியே கிளம்பித் தன் வாசலுக்கே திரும்பும் வழி
இந்த ரவுட்டருக்குத் தெரியாது.
உள்ளே இருப்பவள் வெளிப்பெயரைச் சொன்னால்
யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று
எழுந்து வந்து நிற்கிறது.
ஆயிரத்து நூறு ரூபாய்க்கு வாங்கியது,
அதற்குமேல் அதைத் திட்ட மனமில்லை.

பெயர்ப் பட்டியலில் ஒரு வரி எழுதினேன்:
இந்தப் பெயர் என்றால் ஏழு,
எங்கும் போய்த் தேடாதே.
தடுத்த மூன்று எண்களையும் விடுவித்தேன்.
ஒன்று திம்மராயன்.
மற்ற இரண்டு யாரென்று இன்றுவரை தெரியாது.

பெயரைச் சொன்னேன். வந்தது,
நூற்றுமுப்பது என்று.
மண்டிக் கணக்கர் மூன்று மணிக்கே அனுப்பிய செய்தி
பிரிக்காமல் கிடந்தது.
பிரித்தேன். எண்பது.
கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
வாசலில் எங்கள் முப்பத்திரண்டு பெட்டி
ஈரச் சாக்கு போர்த்தி
வண்டிக்கு நிற்கிறது.

அழித்து, எண்பது என்று அடித்துச் சேமித்தேன்.

உள்ளறைக்குப் போய் 'இந்தாங்க' என்றேன்.
எழுந்து உட்கார்ந்து
என்ன வெல என்றார்.
தளத்துல இருக்கு,
இப்ப நம்ம வீட்டுலயும் தொறக்குது,
பாருங்க என்றேன்.