மூன்றாவது கொதி

புயல் நம்ம பக்கம் ஏறாமல் ஆந்திராவுக்குப் போன
மூன்றாம் நாள், தேவனாம்பட்டினத்தில் பொறுக்கியது.
முழங்கை நீளம்.
ஒரு நுனியில் வாள் பட்ட தடம், மறு நுனியை அலை தின்றிருந்தது.
நடுவில் கட்டைவிரல் நுழையும் துளை.
துளைக்குள் சோழி அளவு நண்டு.
நண்டை அங்கேயே இறக்கிவிட்டு
ஸ்கூட்டியில் கால்வைக்கும் இடத்தில் அதை வைத்து
மஞ்சக்குப்பம் வரை
காலை அகட்டியே ஓட்டிவந்தேன்.

திருப்பாப்புலியூரில் மீன்தொட்டிக் கடை இருதயநாதன்
கல்லாவிலிருந்து எழாமலே சொன்னார்:
"சோப்பு படக்கூடாது. மூணு கொதி.
உப்பு போகணும், சாயம் போகணும்,
அப்புறம் மூழ்கணும்.
மூழ்காத கட்டை அடுப்புக்குத்தான்."

பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
இடுக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கொட்டலசுகளைக்
கத்திமுனையால் நெம்பினேன்.
துளையில் பச்சை நைலான் முடிச்சு ஒன்று.
அவிழ்க்க அரைமணி நேரம்.
யாரோ அவசரமில்லாமல் போட்ட முடிச்சு.

முதல் கொதி, பிரியாணி அண்டாவில்.
தண்ணீர் டீக்கடை நிறத்துக்கு வந்தது.
அடுத்த வீட்டு ஹபீபா சன்னலில் நின்று
"என்ன கஷாயம் அது, எனக்கும் ஒரு டம்ளர்" என்றாள்.
இரண்டாம் கொதியில்
வீடு முழுக்க ஓ.டி. துறைமுகம் அடித்தது.
தலையணை உறையில் கூட.
ஆறின தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன்:
இன்னும் கடல்,
கொஞ்சம் குறைவாக.
சிலிண்டர் மாற்றிப் பதினோரு நாள்தான் ஆகிறது
என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது கொதியின்போது
நெய்வேலி நைட் ஷிப்ட் முடிந்து ராஜவேலு வந்தான்.
சட்டைத் தையலில் அன்றைய பழுப்பு நிலக்கரி.
மூடியைத் தூக்கிப் பார்த்தான்.
"எங்க இடத்துலயும் யாரோ இப்படித்தான் ஊறப்போட்டிருக்காங்க.
நாங்க இன்னும் எடுத்துட்டேயிருக்கோம்.
அதெல்லாம் நல்லா மூழ்கின கட்டை."
சிரிக்காமல் சொன்னான்.
அவன் சிரிப்பு அப்படித்தான்.

ஒருமுறை டிபன் பையில் ஒரு துண்டு கொண்டுவந்திருக்கிறான்.
மரமாகவும் இல்லை, கரியாகவும் இல்லை.
ரேகை மட்டும் இருந்தது.
நகம் பட்டதும் உதிர்ந்தது.
பெயர் வைக்க ஆளில்லாத ஒரு மழையில் அது விழுந்திருக்கும்.

பதினெட்டு நாள் நீல வாளியில் ஊறியது.
மேலே பாரத்துக்கு கிரைண்டர் குழவி.
இரண்டு ஞாயிறு இட்லி இல்லை.
தினமும் தண்ணீர் மாற்றக் குழவியைத் தூக்குவேன்;
அது எழுந்துவரும்,
அவசரமில்லாமல், லிஃப்ட் மாதிரி.
அழுத்தினால் போகும்.
கையை எடுத்தால் வரும்.

பத்தொன்பதாம் நாள்
மீன்கூடையோடு வந்த அஞ்சலாட்சி
குழாயில் கை கழுவக் குனிந்தவள் வாளியைப் பார்த்தாள்.
"இது கட்டுமரத்துத் துண்டும்மா.
முழுகவே கூடாதுன்னு
தேடித் தேடி வாங்குற மரம்.
இதைப் போயி..."
கூடை குலுங்கச் சிரித்துவிட்டு
காலா வேணுமா, சங்கரா வேணுமா என்றாள்.

அன்றைக்குக் குழவியைக் கழுவி மாவுக்குப் போட்டேன்.
இருதயநாதனுக்குச் சொல்லவில்லை.
கட்டையைத் தொட்டியில் மிதக்கவே விட்டேன்.
தண்ணீர் லேசாகப் பழுத்தது.
இதுவரை கண்ணாடி மூலையில் முகம் திருப்பிக்கொண்டிருந்த சண்டைமீன்
நான்காம் நாள் அதன் நிழலுக்கு வந்தது.
துளைக்கு அடியில்
நுரை நுரையாக ஏதோ கட்ட ஆரம்பித்திருக்கிறது,
பெண்மீன் ஒன்றும் இல்லாத தொட்டியில்.

ஒரே ஒரு தொந்தரவு.
ஃபில்டர் தண்ணீர் தள்ளத் தள்ளக்
கட்டை போய்க் கண்ணாடியில் இடிக்கிறது.
டொக்.
கொஞ்ச நேரம் கழித்து, டொக்.
அவனுக்கு நைட் ஷிப்ட் இருக்கும் நாட்களில்
கதவென்று நினைத்து
இரண்டு முறை எழுந்துவிட்டேன்.