பன்னிரண்டாம் மேசை

தேசிய சதுரங்கப் போட்டி கொழும்பில்.
நான் கொட்பேயில், ஐஸ் ஆலையில்,
கட்டிக்கு ஒரு கோடு போட்டுப்
படகுகளுக்குக் கணக்கெழுதுகிறேன்.

முதல் ஆறு மேசைகளைத்தான் நேரலையில் காட்டுவார்கள்.
டெலிசியா அருமைநாயகம் பன்னிரண்டில்.
பன்னிரண்டாம் மேசையில் நடப்பது
பன்னிரண்டாம் மேசைக்குத்தான் தெரியும்.
எனக்கு வருவது பொழுதுபட ஓர் எண்:
ஒன்று, பூச்சியம், இல்லையென்றால் அரை.

ஆகவே மணிக்கூட்டை வைத்து ஊகிக்கிறேன்.
நான்கு மணியாகியும் முடிவு வரவில்லையா,
ராணிகள் போயிருக்கும்.
ஐந்தரையும் தாண்டினால்
கச்சான் காற்றுக்கு எதிரே சைக்கிள் உருட்டுகிறவளாய்
ஒற்றைச் சிப்பாயைத்
தள்ளிக்கொண்டிருப்பாள்.

நஸார்தீன் நானா வள்ளத்திலிருந்து கேட்கிறார்:
“ஸ்கோர் என்ன தம்பி?”
“நாலு சுற்றில் ஒன்றரை.”
“அரையா? மழையில நிப்பாட்டிட்டாங்களா?”

மூன்று வருடத்துக்கு முன், மாவட்டப் போட்டியன்று,
நகரசபை மண்டபத்தில் மின்விசிறி திருத்தப் போனவன் நான்.
ஏணி உச்சியிலிருந்து அவளுடைய பலகை தெரிந்தது.
விசிறி சுற்றத் தொடங்கிய பிறகும்
இறங்கவில்லை.

உப்புவெளியில் அவளைத் தெரியாதவர் இல்லை,
வங்கிக் காசாளராக.
மூன்றாம் கவுண்டர் வெறுமனே கிடந்தாலும்
நான் இரண்டாவதில்தான் வரிசை நிற்பேன்.
நோட்டை எடுக்குமுன் அவள் விரல்
ஒரு கணம் மேலே நின்று இறங்கும்.
தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற சட்டம்
அந்த விரலுக்குள் இருக்கிறது.
“ஆயிரமாகத் தாங்கோ” என்பதைத் தவிர
அவளோடு நான் எதுவும் பேசியதில்லை.

ஐந்தில் ஒன்று. ஆறில் ஒன்று.
ஏழில் அரை.
எட்டில், நம்பமாட்டீர்கள், இன்னுமொன்று.
கடைசி நாள் அவள் ஆறாம் மேசை.

முதன்முறையாக அவள் காய்கள் என் கைக்கு வந்தன,
மீன் செதில் ஒட்டிய கண்ணாடியில்.
கறுப்பு அவளுக்கு.
பதினோராம் நகர்விலேயே
ஒரு குதிரையை ஓரத்துக்கு ஓட்டினாள்.
ஓரத்துக் குதிரைக்கு வழி குறைவு என்பது
மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.
வயிறு கலங்கியது எனக்கு.
பஸ் நிலையத்துப் புள்ளிமான்
இரண்டு லொறிகளுக்கிடையில்
ஷொப்பிங் பையை மென்றபடி நிற்குமே,
அப்படி நின்றது, பதினெட்டு நகர்வு,
விரட்ட ஆளில்லாமல்.
பிறகு பாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு படகு. நாற்பது கட்டி.
நாற்பதையும் எண்ணினேனோ தெரியாது.
திரும்பிப் பார்த்தால்
இரண்டு ராஜாக்களும் பலகையின் நட்டநடுவில்
தோளோடு தோள்.

நடக்கக்கூடாதது இது.
ராஜாவும் ராஜாவும் தொடுகிற தூரத்தில் நிற்க
இந்த ஆட்டத்தில் இடமே இல்லை.
சிம்மைக் கழற்றி, சாரத்தில் துடைத்து, திரும்பப் போட்டேன்.
அப்படியேதான் நின்றார்கள்,
சண்டை முடிந்து பீடி பற்றவைக்க
நெருப்புக் கேட்கிறவர்கள் மாதிரி.

பிறகுதான் விளங்கிற்று.
ஆட்டம் முடிந்தால் நடுவர் வந்து
ராஜாக்களை நடுவில் வைப்பாராம்,
பலகைக்கு முடிவைச் சொல்ல.
இருவரும் வெள்ளைக் கட்டத்தில் என்றால் வெள்ளைக்கு வெற்றி,
இருவரும் கறுப்பில் என்றால் கறுப்புக்கு.

ஒருவர் வெள்ளையில் நின்றார்.
ஒருவர் கறுப்பில்.

“அரை,” என்றேன்.
“திரும்பவும் மழையா,” என்றார் நானா,
கயிற்றை அவிழ்த்தபடி.

திங்கட்கிழமை, இரண்டாம் கவுண்டர்.
வைப்புத் தாளை நீட்டினேன்.
எண்ணினாள், முத்திரை குத்தினாள்,
அடுத்தவருக்காக என் தோளுக்கு அப்பால் பார்த்தாள்.

“அந்த ஓரத்துக் குதிரை,” என்றேன்.

விரல் நோட்டுக்கு மேலே நின்றது.

தொட்டாயிற்று.
எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.