பதினெட்டாவது மீட்டர்

நிதிநிலை அறிக்கை வாசித்த அன்று
ஏற்காடு ஒன்றிய அலுவலகத்தில் கரண்ட் இல்லை.
மெர்லின் தன் கைப்பேசியில் போட்டுக் காட்டினாள்.
கிழிந்த ஸ்பீக்கரில்
லட்சம் கோடிகள் வந்துகொண்டே இருந்தன.
ஒரு லட்சம் கோடிக்கு எத்தனை சைபர் என்று
விரல் விட்டேன். பன்னிரண்டு.
என் பத்தும் தீர்ந்து
மெர்லினிடம் இரண்டு விரல் கடன் வாங்கினேன்.
பற்றாக்குறை இப்படித்தான் தொடங்குமோ என்னவோ.

வட்டி, ஓய்வூதியம், சம்பளம்
(என் சம்பளமும் அதில்தான் இருக்கிறது,
சொல்லாமல் விட முடியாது)
இவை போக ரூபாயில் மிஞ்சும் சில்லறையில்
ரோடு, சாக்கடை, தடுப்புச் சுவர்.
அந்தச் சில்லறையில் ஒரு சில்லறை
அரளிக்காட்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.
நாற்பத்திரண்டு மீட்டர் சுவர்,
மீட்டருக்கு இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு.

மார்ச் முப்பத்தொன்று, இரவு ஒன்பது மணி.
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
அர்த்தநாரி பைக்கில் வந்தார்,
கையில் தட்டுவடை செட் பொட்டலம்.
"பன்னெண்டு அடிச்சா காசு போயிருமுங்க, கணக்கரம்மா.
போன காசு திரும்ப மலை ஏறாதுங்க.
கல்லு எறக்கியாச்சு. ஏப்ரல்ல கட்டிப்போடறேன்.
பில்லை மட்டும் இன்னிக்கே முடிச்சு விடுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை.
அதுதான் சிரமம்.

சனிக்கிழமை நான் போய்ப் பார்த்திருந்தேன்.
அளக்க எனக்கு அதிகாரம் கிடையாது,
நடக்க யாரும் தடை போடவில்லை.
செருப்பால் எண்ணிப் பார்த்தேன்.
பதினேழு மீட்டர் சுவர். நல்ல சுவர்,
தண்ணீர் வடியத் துளைகூட விட்டிருந்தது.
அப்புறம் கருங்கல் குவியல்.
அப்புறம்
சில்வர் ஓக் வேர் மட்டும் இழுத்துப் பிடித்திருந்த மண்.

அளவுப் புத்தகத்தில்
நாற்பத்திரண்டு என்று எழுதவும் இடம் இருந்தது.
மெர்லின் பேனாவைத் திறந்தாள், மூடினாள்,
திறந்தாள்.
பதினேழு என்று எழுதினாள்.

மூன்று லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து ஐந்நூறு
அர்த்தநாரிக்கு.
மீதி ஐந்து லட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐந்நூறை
பதினொன்று நாற்பதுக்கு ஒப்படைத்தோம்.
திரையில் ஒரு சக்கரம் சுற்றி நின்றது.
நேர்மையாக நடந்துகொண்டதற்கு
சத்தம் எதுவும் வரவில்லை.
தட்டுவடையை நாங்கள் தொடவில்லை.
காலையில் காவலாளி தின்றார்,
நமுத்துப் போயிருந்ததாம்.

அக்டோபர் மழையில்
பதினேழு மீட்டரும் அசையாமல் நின்றது.
பதினெட்டிலிருந்து சரிந்தது.
ஒரு சில்வர் ஓக், அதைச் சுற்றிய மிளகுக்கொடி,
சடையனின் அவரைப் பந்தல், பாதி ரோடு.
யாரும் சாகவில்லை.
அதைத்தான் முதலில் கேட்டேன், இரண்டு முறை.
பதினோரு நாள் அரளிக்காட்டுக்கு
சிலிண்டர் தலைச்சுமையாகப் போனது.
அவசர நிதியில் மண் அள்ளிய செலவு
ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
சுவர் இல்லாமலே.

சடையன் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.
"செவுத்துக்குக் காசு வந்துச்சாமே?"
திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றேன்.
"யாருக்கு?"
அரசாங்கத்துக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.
தீப்பெட்டி வாங்கினால் அவரும்தானே வரி கட்டுகிறார்.
அவருடைய காசைத்தான்
அவருக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பியிருந்தேன்.
உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன்.
அவர் உட்காரவில்லை.

ஜனவரியில் தணிக்கை.
சேலத்திலிருந்து வந்த பையன்,
மலைப்பாதையில் வாந்தி எடுத்த முகம்,
பச்சை மையில் குறிப்பு எழுதிப் போனான்:
ஒதுக்கிய நிதி முழுவதும் செலவிடப்படாதது ஏன்?
ஏழு நாளுக்குள் விளக்கம் தருக.

ஆறு நாளில் ஆறு விளக்கம் எழுதினேன்.
எல்லாமே என்னை நல்லவளாகக் காட்டின.
எல்லாவற்றையும் கிழித்தேன்.

இன்று காலை எழுதியது:
பதினெட்டாவது மீட்டரில் சுவர் இல்லை.
இன்றைய தேதி வரை இல்லை.
மீதி இருபத்தைந்து மீட்டரை
வரும் ஆண்டு மதிப்பீட்டில் சேர்க்கக் கோருகிறேன்.
விலை ஏறிவிட்டது, மீட்டருக்கு இருபத்தாறாயிரம்.
ஏப்ரலிலேயே தந்தால்
மார்ச் இரவில் யாரும் மலை ஏற வேண்டியிருக்காது.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன்.
வெளியே மெர்லின் டேப்போடு ஜீப்பில் ஏறியிருந்தாள்.
பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.
நடக்க மட்டும் அதிகாரம் உள்ள நான்
செருப்பைத் தேடினேன்.