தொண்ணூற்றேழு விழுக்காடு

பீடோரில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
குலை ஏற்றிய லாரி திரும்பும்போதெல்லாம்
மேசையில் என் மைலோ நடுங்கும்.
சர்வர் இங்கே இல்லை,
சைபர்ஜெயாவில் குளிரில் இருக்கிறது.
அதன் பேச்சு மட்டும் இந்தக் கறுப்புத் திரையில்
நொடிக்கு நானூறு வரியாக ஓடுகிறது.

அப்படியே படிக்க யாராலும் முடியாது.
ஒரு கிரெப் போட வேண்டும்.
படங்களே போங்கள்.
எழுத்துருக்களே, தேடுபொறிச் சிலந்திகளே, போங்கள்.
மிச்சம் நிற்பதைப் பார்ப்பேன்.

ஹிட் என்றால் நானே பதில் சொல்லிவிட்டேன்.
மிஸ் என்றால் உள்ளே போய்க் கேட்டு வந்தேன்.
உள்ளே இருக்கும் அரசாங்க இயந்திரம் கிழடு,
அதை எழுப்பாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.
நூற்றில் தொண்ணூற்றேழு பேரை
வாசலோடு அனுப்பினேன்.
கூட்டத்தில் ஃபைசால் வரைபடம் காட்டி
"மலர், சபாஷ்" என்றான்.

செவ்வாய்க்கிழமை வேறெதையோ தேடப்போய்
மிஸ்களை மட்டும் பிரித்தேன்.
வரிசையாக்கு, எண்ணு, பெரியதை மேலே வை என்றேன்.

குடியுரிமை விண்ணப்ப நிலை. ஒரே விண்ணப்ப எண்.
விடிகாலை நாலு நாற்பது.
முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறி, பிறகு ஒன்று.
மறுநாள் நாலு நாற்பத்திரண்டு. கேள்விக்குறி, இரண்டு.
நேற்று, நூற்றுப் பதினெட்டு.

ரோபோ என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஆனால் ஞாயிறுகளில் ஆறரை ஆகியிருந்தது.
ரோபோவுக்கு ஏது ஞாயிறு.

சுருட்டி வைத்த பழைய பதிவுகளை அவிழ்த்தேன்.
எண் போடத் தொடங்குவதற்கு முன்
ஹிட் ஹிட் ஹிட்
இருபத்தாறு நாள்.
அவ்வளவு நாளும் அவருக்குப் பதில் சொன்னது நான்,
உள்ளே ஒரு தடவைகூடக் கேட்காமல்.

விதிக் கோப்பைத் திறந்தேன்.
முப்பது நிமிடம் வைத்திரு என்று எழுத நினைத்து
முப்பது நாள் வைத்திரு என்று எழுதியிருக்கிறேன்.
ஒரே ஓர் எழுத்து.

பக்கத்தின் அடியில் பொடியாக ஒரு தேதி இருக்கும்.
நகராத அந்தத் தேதியை அவர் கவனித்திருக்கிறார்.
வாலில் புது எண் ஒட்டினால்
வாசல்காரி ஏமாந்து உள்ளே விடுவாள் என்பதை
யார் சொன்னார்களோ, கைதவறிக் கண்டாரோ.
ஐபி பேராக் என்கிறது, அதற்குமேல் சொல்லாது.
இங்கே ஆலையில் ஷிப்டு நாலரைக்கு முடியும்.
தோட்டத்தில் பெரட்டு ஐந்தரைக்கு.
பஸ் நிலையத்தில் சிவப்பு ஐசியைப் பிளாஸ்டிக் உறையோடு
சட்டைப்பையில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.
நான் எதையும் முடிவு செய்யவில்லை.

எழுத்தைத் திருத்தினேன். தேங்கியதைத் துடைத்தேன்.
விகிதம் குறையும், காரணம் நான் என்று
ஃபைசாலுக்கு எழுதினேன்.
அவருக்கு இதெல்லாம் தெரியாதே.
நூற்றுப் பத்தொன்பது. நூற்றிருபது.
பதில் எப்போதும் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பைட்.
பதிவில் சொல் இருக்காது, எடைதான்.
ஆலை வாசலில் லாரியை நிறுப்பதுபோல.

நூற்று முப்பத்தொன்று:
நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.

எழுபத்தெட்டு பைட் கூடியிருக்கிறது.
மலாயில் ஒரு வாக்கியம்.
தந்தோம் என்பதற்கும் அவ்வளவு ஆகும்,
மறுத்தோம், வேண்டுமானால் மேல்முறையீடு செய்க
என்பதற்கும் ஆகும்.
எண் என் கண்முன் இருக்கிறது,
ஒட்டித் தட்டினால் எனக்கும் திறக்கும்.
விரல் போனது. இழுத்துக்கொண்டேன்.

அன்று நாலு நிமிடத்தில் ஆறு தடவை கேட்டார்,
எண்ணை மாற்றாமல்.
முதலில் மிஸ், பிறகு ஐந்து ஹிட்.
ஐந்து தடவையும் நான்தான் சொன்னேன்,
என்ன சொன்னேன் என்று தெரியாமல்.

அதற்குப் பிறகு வரவில்லை.

வடிகட்டியை ஓட விட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
நாலு நாற்பது. நாலு நாற்பத்தைந்து.
திரையில் கர்சர் மட்டும் துடிக்கிறது.
கீழே ஒரு லாரி திரும்புகிறது,
மைலோவில் கட்டிய ஆடை
கிழியாமல் அசைகிறது.